வயிறு வீங்கினால் கழுத்தையும் பாருங்கள்: இதய உறையை அகற்றும் அறுவை சிகிச்சை

டர்பனில் நம்மவர் வீடுகளில் ஓர் ஆணுக்கு வயிறு வீங்க ஆரம்பித்தால், அக்கம்பக்கத்தில் காரணம் உடனே முடிவாகிவிடும்: குடி. கை கால் மெலிந்து, கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் முன்னே தள்ளி நிற்கும். "ஈரல் போயிடுச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் இப்படி வரும் நோயாளிகளில் ஒரு சிறு பகுதியினருக்கு ஈரலில் முதல் கோளாறே இல்லை. கோளாறு நெஞ்சுக்குள், இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில். அது தடித்து, இறுகி, இதயத்தை விரிய விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ரத்தம் பின்னால் தேங்கும். ஈரல் அந்தத் தேக்கத்தில்தான் வீங்கும்.

இதைப் பற்றி எழுதக் காரணம், இது தீர்க்கக்கூடிய நோய். முற்றிய ஈரல் சுருக்கத்துக்கு மாற்று ஈரல் தவிர வழி குறைவு. இந்த உறை இறுகலுக்கோ, உறையையே வெட்டி எடுத்துவிடும் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. மருத்துவர்கள் அதை பெரிகார்டியெக்டமி என்பார்கள். நேரத்தில் செய்தால், மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர் எழுந்து வேலைக்குப் போகலாம். நேரம் தவறினால் அதே சிகிச்சை உயிருக்கே ஆபத்தாகும். அதனால் இந்த நோயில் எல்லாமே யார், எப்போது கண்டுபிடிக்கிறார்கள் என்பதில் நிற்கிறது. தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நமக்கு இது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் இங்கே இந்த நோயின் முதல் காரணம் காசநோய்.

உறை எதற்கு, அது இல்லாமல் வாழ முடியுமா?

இதயம் நெஞ்சுக்குள் தனியாகத் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. இரண்டு அடுக்கு உறைக்குள் இருக்கிறது. வெளி அடுக்கு கெட்டியான நார்த்திசு. கீழே உதரவிதானத்தோடும் முன்னே நெஞ்செலும்போடும் இணைந்து, இதயத்தை அதன் இடத்தில் நிறுத்துகிறது. உள் அடுக்கு மெல்லிய வழவழப்பான படலம். அது மடிந்து இதயத் தசையின் மேலேயே ஒட்டிப் படர்ந்திருக்கிறது. இடையில் 15 முதல் 50 மில்லி வரை திரவம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் உரசாமல் நழுவ அந்தத் திரவம் போதும். நல்ல நிலையில் உறையின் தடிமன் 2 மில்லிமீட்டருக்குள்தான்.

"உறையை எடுத்துவிட்டால் இதயம் என்ன ஆகும்?" என்று சிகிச்சைக்கு ஒப்புதல் கேட்கும்போது எந்தக் குடும்பமும் கேட்கும். நியாயமான பயம். பதில் தெளிவானது: உறை உதவியானது, ஆனால் உயிருக்குக் கட்டாயமில்லை. பிறவியிலேயே இந்த உறை இல்லாமல், அது தெரியாமலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் உண்டு. இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் பலருக்கும் உறையைத் திறந்தபின் அதை முழுக்க மூடித் தைப்பதில்லை. அவர்கள் நன்றாகவே நடமாடுகிறார்கள்.

உறைக்கு அழற்சி வந்தால் பெரும்பாலும் நெஞ்சு வலியோடு வந்து, மருந்தில் அடங்கிப் போய்விடும். வைரஸால் வருவது அப்படித்தான். சிலருக்கு அது திரும்பத் திரும்ப வரும். அவர்களுக்கு கோல்ச்சிசின் மாதிரியான மாத்திரைகள்தான் வழி. எந்த மருந்துக்கும் அடங்காத அரிதான சிலருக்கு மட்டும் அறுவை சிகிச்சையை யோசிப்பார்கள். உண்மையான பிரச்சினை, அழற்சி ஆறும்போது தழும்பாக ஆறினால் தொடங்குகிறது. இரண்டு அடுக்கும் ஒட்டிக்கொள்ளும். தழும்பு இறுகும். சிலருக்கு அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து, எலும்பு போல் ஆகிவிடும். உடைந்த கைக்குப் போட்ட மாவுக்கட்டை இதயத்தைச் சுற்றிப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி.

ஏன் எல்லோரும் ஏமாறுகிறார்கள்

இந்த நோயில் இதயத்தின் சுருங்கும் சக்தி பெரும்பாலும் கெடுவதில்லை. விரியும் இடம்தான் போய்விடுகிறது. இதயம் விரிந்து ரத்தத்தை வாங்கத் தொடங்கும். பாதி வழியில் சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். வாங்கியது குறைவு என்பதால் வெளியே தள்ளுவதும் குறைவு. எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பார்த்தால் இதயம் எத்தனை சதவீதம் தள்ளுகிறது என்ற எண் 55, 60 என்று அழகாக வரும். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா இருக்கு, வேற எங்கேயாவது பாருங்க" என்று அனுப்பிவிடுவது நடக்கிறது. நோயாளிக்கும் அது நிம்மதியாகத்தான் இருக்கும். அந்த நிம்மதியில் பல மாதங்கள் போய்விடும்.

வாங்க இடமில்லாத ரத்தம் பெரிய சிரைகளில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில், தேங்குகிறது. முதலில் ஈரல் வீங்கும். பிறகு வயிற்றுக்குள் நீர் கசியும். நம் பெரியவர்கள் மகோதரம் என்று சொல்வது இதைத்தான். குடலின் சுவரும் நீர் கோத்து வீங்குவதால் பசி போய்விடும். இரண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிரம்பிவிட்டதுபோல் இருக்கும். புரதம் குடல் வழியே வெளியேறும். அதனால்தான் கையும் தோளும் எலும்பாகி, வயிறு மட்டும் பெருக்கிறது. சாதாரண இதயச் செயலிழப்பில் கால் முதலில் வீங்கி, வயிறு பிறகு வரும். இதில் கால் வீக்கத்தைவிட வயிறு முந்திக்கொள்வது உண்டு. நுரையீரலில் நீர் அவ்வளவாகச் சேராததால் பலரால் சமமாகப் படுத்துத் தூங்கவும் முடியும். "மூச்சு வாங்கலையே, அப்போ இதயமா இருக்காது" என்று குடும்பமும் முடிவு செய்துவிடும்.

ஈரல் ரத்தப் பரிசோதனையும் குழப்பும். மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் கூடியிருக்கும், ரத்தப் புரதமான அல்புமின் குறைந்திருக்கும். ஸ்கேனில் ஈரல் பெரிதாக, வயிற்றில் நீரோடு தெரியும். இந்தக் குழப்பம் புதிதில்லை. 1896-லேயே ஃப்ரீடல் பிக் என்ற மருத்துவர், உறை இறுகலால் ஈரல் நோய் போலவே தோற்றம் தரும் நோயாளிகளை விவரித்து எழுதியிருக்கிறார். நூற்றாண்டு தாண்டியும் அதே தவறு நடக்கிறது என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஏனென்றால் இரண்டையும் பிரிக்கும் முதல் சோதனைக்கு எந்த இயந்திரமும் வேண்டாம்.

அந்தச் சோதனை கழுத்தில் இருக்கிறது. கட்டிலின் தலைப்பக்கத்தை 45 டிகிரிக்கு உயர்த்தி, நோயாளியைச் சாய்ந்து படுக்க வைத்து, சட்டைக் காலரை விலக்கி, தலையைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் இருந்து வெளிச்சம் விழ வேண்டும். வலது கழுத்தில் சிரையின் துடிப்பு எந்த உயரம் வரை தெரிகிறது என்று பார்ப்பார்கள். ஈரல் சுருக்கத்தில் அது பொதுவாக உயர்ந்திருக்காது. உறை இறுகலில் நன்றாக உயர்ந்திருக்கும். சிலருக்கு எவ்வளவு உயரம் என்றால், சாய்ந்து படுத்தால் துடிப்பின் மேல்முனை தாடைக்குப் பின்னால் மறைந்துபோய், நேராக நிமிர்ந்து உட்கார வைத்தால்தான் காதுமடலுக்குக் கீழே ஆடுவது தெரியும். அப்புறம் மெதுவாக மூச்சை இழுக்கச் சொல்ல வேண்டும். நல்ல உடம்பில் மூச்சு இழுக்கும்போது அந்தத் துடிப்பு கீழே இறங்கும். இங்கே இறங்காது, சிலருக்கு ஏறவும் செய்யும். அடோல்ஃப் குஸ்மவுல் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1873-இல் இதை எழுதிவைத்தார். இன்றும் அவர் பெயரில்தான் இந்த அடையாளத்தைச் சொல்கிறார்கள்.

அரை நிமிட வேலை. ஆனால் கூட்டம் நெரியும் கிளினிக்கில் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து, காலரும் திறக்காமல் பார்த்து அனுப்பும் நாளில் அந்த அரை நிமிடம் கிடைப்பதில்லை. எங்கள் கோயிலில் ஆடி மாதக் கூழ் ஊற்றும்போது பெரிய அண்டாக்களைத் தூக்கிவைத்த ஒரு மாமா, அடுத்த ஆடிக்குள் நாற்காலியைவிட்டு எழ முடியாத நிலைக்கு வந்தார். வாழ்நாளில் மது தொட்டவர் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அதை நம்பவில்லை. மறைவாகக் குடித்திருப்பார் என்றார்கள். அவருடைய மனைவி, "என்னையும் நம்ப மாட்டேங்கறாங்க தம்பி" என்று என்னிடம் அழுதார். நோயின் வலியோடு அந்த அவமானத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருந்தது. ஒருநாள் ஓர் இளம் டாக்டர் அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, கழுத்தை உற்றுப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கேள்விகளே மாறின.

சந்தேகம் வந்தால் அடுத்தது எக்கோவைத் தெரிந்தவர் கையால் மறுபடியும் எடுப்பது. இரண்டு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவர் மூச்சோடு அங்கும் இங்கும் குதிக்கிறதா, மூச்சு இழுக்கும்போது வால்வுகளில் ரத்த ஓட்டம் எவ்வளவு மாறுகிறது என்றெல்லாம் பார்ப்பார்கள். சிடி ஸ்கேனில் உறையின் தடிமனும் சுண்ணாம்புப் படிவும் தெரியும். ஆனால் தடிமன் சாதாரணமாக இருக்கிறது என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அறுவை சிகிச்சையால் உறுதியான 143 பேரில் 18 சதவீதம் பேருக்கு உறை தடிக்கவே இல்லை, ஆனாலும் இறுகியிருந்தது. முடிவாகாத இடத்தில் இதயத்துக்குள் குழாய் விட்டு அழுத்தங்களை அளப்பார்கள். இதயத் தசையே விறைத்துப் போகும் இன்னொரு நோய் வெளியில் பார்க்க அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். அதற்கு உறையை எடுத்துப் பயனில்லை. நெஞ்சைத் திறக்கும் முன் இந்த இரண்டையும் பிரித்தே ஆக வேண்டும்.

காசநோயும் நாமும்

பணக்கார நாடுகளில் இந்த இறுகல் பெரும்பாலும் வைரஸ் அழற்சிக்குப் பிறகோ, இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகோ, நெஞ்சுக்குக் கதிர்வீச்சு கொடுத்ததாலோ வருகிறது. தென்னாப்பிரிக்காவில் படம் வேறு. கேப் டவுனின் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1990 முதல் 2012 வரை இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட 121 பேரின் விவரம் வெளியாகியிருக்கிறது. அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம், உறுதியாகவோ மருத்துவர்களின் கணிப்பிலோ, காசநோய். 1967 டிசம்பர் 3-ஆம் தேதி கிறிஸ்டியான் பர்னார்ட் செய்த முதல் மாற்று இதய அறுவை சிகிச்சையால் அந்த மருத்துவமனையை உலகம் அறியும். ஆனால் ஆப்பிரிக்காவின் ஏழை நோயாளிகளுக்கு அதைவிட நெருக்கமானது, அங்கே இந்தக் காசநோய் உறை அழற்சியைப் பற்றி நடந்த ஆராய்ச்சி என்றே நான் நினைக்கிறேன்.

காசநோய் என்றால் இருமல், சளி, ரத்தம் என்றுதான் நமக்குப் பழக்கம். உறையில் வரும் டிபி பெரும்பாலும் நெஞ்சின் நடுவிலுள்ள நெறிக்கட்டிகளில் இருந்து பரவுகிறது. நோயாளிக்கு இருமலே இல்லாமல் போகலாம். சளிப் பரிசோதனையில் எதுவும் வராமலும் போகலாம். மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவு. பிறகு உறைக்குள் நீர் சேரும். நீர் வேகமாகச் சேர்ந்து இதயத்தை அமுக்கினால் அது அவசர நிலை. ஊசியால் உடனே வடிக்க வேண்டும். வடித்த நீரைச் சோதித்து, டிபி மருந்து தொடங்குவார்கள்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் இரண்டு. பலருக்கு இதோடு முடிந்துவிடும். சிலருக்கு நீர் வற்றும்போதே உறை தடித்து, இறுக ஆரம்பிக்கும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கும் இது நடக்கும் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "மாத்திரையை ஒழுங்கா போட்டிருக்க மாட்டே" என்ற பழி நோயாளிமேல் விழுவதைப் பார்க்கிறோம்.

அப்படி இறுகாமல் தடுக்க முடியுமா என்பதுதான் இந்த நாட்டு மருத்துவர்கள் விடாமல் துரத்திய கேள்வி. 1980-களில் டிரான்ஸ்கை பகுதியில் டாக்டர் ஸ்ட்ராங் குழுவினர் டிபி மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த பெரிய முயற்சியைத் தலைமையேற்று நடத்தியவர் போங்கானி மயோசி. டிரான்ஸ்கையில் பிறந்து, நம் டர்பனில் இருந்த நடால் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னாளில் கேப் டவுன் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் தலைவரானவர். 2018-இல் காலமானார். அவருடைய குழு 8 ஆப்பிரிக்க நாடுகளின் 19 மருத்துவமனைகளில் 1,400 நோயாளிகளைச் சேர்த்தது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு எச்ஐவி இருந்தது. 6 வாரம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். இந்தியாவில் தொழுநோய்த் தடுப்புக்காக உருவான ஒரு நுண்ணுயிர் ஊசியையும் கூடவே சோதித்தார்கள். அது பயன் தரவில்லை.

2014-இல் வெளிவந்த முடிவு இருமுனைக் கத்தி. மரணம், நீர் அமுக்கம், உறை இறுகல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஸ்டீராய்டால் வித்தியாசம் இல்லை. இறுகலை மட்டும் தனியே எடுத்தால் 7.8 சதவீதத்தில் இருந்து 4.4 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதானே என்றால், எச்ஐவியோடு தொடர்புடைய புற்றுநோய்கள் 0.6 சதவீதத்தில் இருந்து 1.8 ஆக ஏறின. அதனால் எச்ஐவி இல்லாதவருக்கு ஸ்டீராய்டை யோசிக்கலாம், இருப்பவருக்குத் தவிர்ப்பது நல்லது என்று வழிகாட்டு நெறிகள் சொல்ல ஆரம்பித்தன. ஆக, எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளாமல் இந்தச் சிகிச்சை முடிவை எடுக்கவே முடியாது. நம் வீடுகளில் அந்தப் பரிசோதனையை அவமானமாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டாக்டர் கேட்டால் சம்மதித்துவிடுங்கள். மருந்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்கத்தான் கேட்கிறார்.

டிபியையும் நம் சமூகத்தையும் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையில் இருந்து வந்து இறங்கியவர்களின் வாரிசுகள், கரும்புத் தோட்ட லயங்களிலும், பிறகு டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்களின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். நெருக்கமும் பட்டினியும் இருக்கும் இடத்தில் டிபி வரும். 1940-களில் இந்திய நோயாளிகளுக்கென்று ஃபோசா என்ற அமைப்பு டர்பனில் தனிக் குடியிருப்பே நடத்தியது. அப்போது இந்தியர்களுக்கு மருத்துவமனைப் படுக்கை கிடைப்பதே பெரும்பாடு. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் டிபி என்றால் பெண் கொடுக்க, பெண் எடுக்க யோசித்தார்கள். ஆயா, தாத்தா காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. "எங்க குடும்பத்துல யாருக்கும் டிபி கிடையாது" என்று டாக்டரிடம் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். சின்ன வயதில் வந்து ஆறிய டிபி, பக்கத்தில் படுத்த பெரியப்பாவுக்கு இருந்த டிபி, இதெல்லாம் இந்த நோயைக் கண்டுபிடிக்க நேரான தடயங்கள். அதை மறைத்தால் டாக்டர் ஈரலுக்குள்தான் தேடிக்கொண்டிருப்பார்.

எப்போது வெட்டுவது

இதுதான் மொத்த விஷயத்திலும் கடினமான முடிவு. அழற்சி இன்னும் சூடாக இருக்கும் ஆரம்ப கட்டத்தில் இறுகல் தற்காலிகமானதாக இருக்கலாம். மருந்து கொடுத்து இரண்டு மூன்று மாதம் பார்த்தால் தானாகவே தளரக்கூடும். அவசரப்பட்டு நெஞ்சைத் திறந்தால் தேவையில்லாத சிகிச்சையாகிவிடும். காசநோய் என்றால் மருந்து தொடங்கிச் சில வாரங்களாவது ஆன பிறகே பொதுவாக அறுவை சிகிச்சைக்குப் போவார்கள். மருந்து சாப்பிட்டும் கழுத்துச் சிரையின் துடிப்பு இறங்கவில்லை, நோயாளி தேய்ந்துகொண்டே போகிறார் என்றால் அதற்கு மேல் காத்திருக்கக் கூடாது. சுண்ணாம்பு படிந்துவிட்ட பழைய இறுகலில் காத்திருப்பதற்கே அர்த்தம் இல்லை. அது மருந்தில் கரையாது.

தாமதத்தின் விலை இரண்டு இடத்தில் தெரியும். ஒன்று ஈரல்: வருடக்கணக்கில் தேங்கினால் அது உண்மையிலேயே கெட்டுப்போகும். இன்னொன்று இதயத் தசை: அசைய விடாமல் வைத்தால் அது மெலியும், தழும்பு தசைக்குள்ளேயே இறங்கும். அப்போது உறையை எடுத்தாலும் உள்ளே இருக்கும் தசைக்கு வேலை செய்யத் தெம்பு இருக்காது. நீர் மாத்திரை வீக்கத்தைக் குறைத்து ஆறுதல் தரும். ஆனால் அந்த ஆறுதலில் ஒரு வருடம் ஓடிவிடக் கூடாது. மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போகிறது என்றால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

டர்பன் பக்கம் இந்தச் சிகிச்சை அரசுத் துறையில் நடப்பது கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மத்திய மருத்துவமனையில். 2002-இல் திறந்தது. இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் நம்மவர்கள் கிளப்பப்பட்டு சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பப்பட்ட அதே கேட்டோ மேனர்தான். அங்கே நேராகப் போய் வரிசையில் நிற்க முடியாது. கிளினிக்கில் தொடங்கி, ஆர்.கே. கான் போன்ற மருத்துவமனை வழியாக, பரிந்துரைக் கடிதத்தோடுதான் போக வேண்டும். எனவே முதல் டாக்டரின் கடிதத்தில் "ஈரல் நோய்" என்று எழுதியிருந்தால், அந்தத் தவறு கடைசி வரை கூடவே வரும். பழைய எக்ஸ்ரே, எக்கோ தாள், டிபி அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பழைய எக்ஸ்ரேயில் இதயத்தின் ஓரம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை என்பது பிறகு தெரியவரும் சம்பவங்கள் உண்டு.

அறுவை அறையில்

இந்த யோசனை 1895-லேயே பிரான்சில் பேசப்பட்டது. செய்து காட்டியவர்கள் ஜெர்மானியர்கள்: லுட்விக் ரேன், ஃபெர்டினாண்ட் சாவர்ப்ருக் இருவரும் 1913 வாக்கில். டிபிக்கு மருந்தே இல்லாத காலம் அது என்பதை நினைத்தால் அவர்களுடைய துணிவு புரியும்.

இன்று பெரும்பாலும் நெஞ்செலும்பை நடுவில் மேலிருந்து கீழாகப் பிளந்து திறக்கிறார்கள். இதயம் எதிரே இருக்கும், ஆனால் துடிப்பு சரியாகத் தெரியாது. சாம்பல் வெள்ளை நிறத்தில் தோல் போன்ற ஓடு மட்டும் லேசாக அசையும். இடது கீழறைக்கு மேல் சின்னதாகக் கீறுவார்கள். மிக மெதுவாக, அடுக்கு அடுக்காக. சரியான ஆழத்துக்குப் போனதும் அந்தக் கீறல் வழியே சிவப்புத் தசை பிதுங்கி எழும்பும். அங்கிருந்துதான் தசைக்கும் தழும்புக்கும் இடையிலான பிளவைப் பிடித்து, விரலாலும் கத்தியாலும் உறையை உரிக்கத் தொடங்குவார்கள்.

இடது பக்கத்தை முதலில் விடுவிப்பதற்குக் காரணம் உண்டு. வலது அறையை முதலில் விடுவித்தால் அது வேகமாக ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும்; இடது பக்கம் இன்னும் கட்டுண்டு இருப்பதால் அதை வாங்க முடியாது; நுரையீரல் நீரில் மூழ்கும். அதனால் இடது, பிறகு வலது, பிறகு உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அடிப்பக்கம், கடைசியில் பெரிய சிரைகள் நுழையும் வாய்கள். உறையின் இரண்டு பக்கமும் மூச்சுத் தசையை இயக்கும் நரம்பு ஒவ்வொன்று ஓடுகிறது. அந்த இரண்டு நரம்புக்கும் ஒரு பட்டையை விட்டுவைத்து இடையிலுள்ளதை எடுப்பார்கள், முடிந்தால் பின்பக்கமும். முன்பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு மூடினால் சிகிச்சை சுலபம்தான், ஆனால் மிச்ச உறை பிற்காலத்தில் மறுபடி இறுக்கும்.

கஷ்டமான இடங்கள் நிறைய. இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்கள் தழும்புக்கு அடியிலேயே ஓடுகின்றன. வலது மேலறையின் சுவர் மிக மெல்லியது, இழுத்தால் கிழியும். சுண்ணாம்பு தசைக்குள் வேர்விட்டிருந்தால் அந்தத் துண்டைத் தீவுபோல் அங்கேயே விட்டுவிட்டுச் சுற்றிலும் எடுப்பதுதான் விவேகம். இதய நுரையீரல் இயந்திரம் தயாராக நிற்கும், ஆனால் தேவைப்பட்டால் மட்டுமே. சிலருக்கு வெளி உறையை முழுக்க எடுத்தபின்னும் இதயம் விரியாது. தசையோடு ஒட்டிய உள்படலமும் தடித்திருக்கும். அதைக் கட்டம் கட்டமாகக் கீறித் தளர்த்துவார்கள். எடுத்த உறை பரிசோதனைக்குப் போகும். டிபி உறுதியாவது சில சமயம் அப்போதுதான்.

ஆபத்து குறைவு என்று யாராவது சொன்னால் அது சரியில்லை. ஐரோப்பிய இதய மருத்துவச் சங்கத்தின் 2015 வழிகாட்டி மரண விகிதம் 6 முதல் 12 சதவீதம் என்கிறது. க்ரூட் ஸ்கூரின் 121 பேரில் அது 14 சதவீதம். அவர்களில் பலர் நோய் முற்றி வந்தவர்கள். நீண்டகாலப் பலன் காரணத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் கணக்கில் காரணம் தெரியாமல் வந்த இறுகலில் 7 வருடம் கழித்து 88 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். கதிர்வீச்சால் வந்ததில் 27 சதவீதம்தான், ஏனென்றால் கதிர்வீச்சு தசையையும் கெடுத்திருக்கும். கையெழுத்துப் போடும் முன் இந்த எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை. கூடவே, செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில நாட்கள் ஐசியுவில் இதயத்துக்கு மருந்துத் துணை வேண்டியிருக்கும். மாவுக்கட்டைப் பிரித்ததும் கை மெலிந்து தெம்பில்லாமல் இருப்பதுபோல்தான் இதுவும். சிலருக்கு ஆபரேஷன் மேசையிலேயே சிரை அழுத்தம் இறங்கி, ஒரே வாரத்தில் சிறுநீராகப் பல கிலோ எடை போய்விடும். வேறு சிலருக்கு வீக்கம் வடிய மாதங்கள் ஆகும். ஆபரேஷன் முடிந்தும் கால் வீங்கியிருக்கிறதே என்று முதல் மாதத்திலேயே மனம் உடைய வேண்டாம்.

டிபி மாத்திரை கோர்ஸ் முடியும் வரை ஒருநாளும் விடாமல் தொடர வேண்டும். நெஞ்செலும்பு ஒன்றுசேரப் பொதுவாக மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை கனமான எதையும் தூக்கக் கூடாது, காவடியையும் சேர்த்துத்தான். உப்பைக் குறைக்கச் சொன்னால் நம் வீட்டில் சாதத்தில் போடும் உப்பை மட்டும் குறைப்பார்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, டின் மீன் எல்லாமே உப்புதான். புரட்டாசி விரதம் என்று பட்டினி கிடப்பதும் இந்த வருடம் வேண்டாம். தசை திரும்பப் புரதம் வேண்டும், பருப்பும் முட்டையும் மோரும் தினமும் தட்டில் இருக்கட்டும். காலையில் சிறுநீர் போனதும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்து, செக்கப்புக்கு அதையும் எடுத்துப் போங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, வயிறு மறுபடி இறுகினாலோ, தேதி வரட்டும் என்று இருக்காமல் போய்ப் பார்க்க வேண்டும். உறையில் மிச்சம் விட்ட பகுதி இழுக்கிறதா, தசை சோர்ந்திருக்கிறதா என்று எக்கோவில் பார்த்து, மாத்திரையைக் கூட்டுவதா, மறுபடி திறப்பதா என்று முடிவு செய்வார்கள். அன்றைக்கும் டாக்டர் கழுத்தைப் பார்க்காமல் எழுந்தால், பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.